வாசலில் நின்ற கண்மாய்

ஆலங்கொண்டான் கண்மாய் திரும்பி வந்தது ஒரு புதன்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, தண்ணீர் லாரிக்காக நாங்கள் குடங்களை வரிசை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில். சலசலவென்று சத்தம் கேட்டு லாரிதான் குழாயைத் திறந்துவிட்டது என்று முன்வரிசைக்காரர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே லாரி இல்லை. எங்கள் வசந்தம் நகரின் நான்கு தெருக்களுடைய மேற்கு முனையிலும் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. எந்தக் கரையும் தடுக்காமல், எந்தச் சுவரும் பிடிக்காமல், மடித்துவைத்த வேட்டியின் ஓரம் மாதிரி நேராக, ஒரு சொட்டுக்கூட இந்தப் பக்கம் சிந்தாமல், தெருவுக்குள் காலை வைக்காமல் நின்றது.

ஆச்சரியப்பட்டீர்களா என்று பின்னால் வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். குடம் காலியாக இருக்கும்போது ஆச்சரியம் இரண்டாவதாகத்தான் வரும். முதலில் பிடித்தோம். டீக்கடை பேச்சியக்கா ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, இனிப்பாக இருக்கிறது என்று சொன்ன பிறகு, குடம், வாளி, சோற்றுப்பானை, பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில் என்று வீட்டில் வாய் திறந்திருந்த எல்லாவற்றிலும் பிடித்தோம். அதெல்லாம் நிறைந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தோம். முதல்நாள் மாலை வரைக்கும் சீமைக்கருவேல முள்ளும் விலைபோகாத பிளாட்டுகளும் மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக் கற்களும் இருந்த இடத்தில், கண்ணுக்கு எட்டும் மட்டும் தண்ணீர், அதன்மேல் வெயில், வெயிலின்மேல் கொக்குக் கூட்டம், தூரத்தில் பனைமர வரிசையோடு ஒரு கரை, கரையில் மடை, மடைக்கல்லில் துணி துவைத்த வழவழப்பு. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் லாரி லாரியாகச் செம்மண் அடித்து மேடாக்கிய கண்மாய் அது. அந்த மண்ணின்மேல்தான் எங்கள் நான்கு தெருக்களும் இருந்தன. எங்களில் பலருக்கு அது கண்மாயாக இருந்தது என்பதே பத்திரத்தில் படித்துத்தான் தெரியும். அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததும் ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவர்களைப் போலச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். ஒன்பது மணிக்குத் தண்ணீர் லாரி வந்தது. டிரைவர் இறங்கி வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, அப்ப நாளைக்கு வர வேண்டாமா என்று கேட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

அது ஏன் வந்தது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. கூப்பிட்டால் வராமல் என்ன செய்யும்?

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்துப்போனால் பஸ் நிறுத்தத்தில் பிளக்ஸ் வைப்போம். மேலே போட்டோ, கீழே தோற்றம் இன்ன தேதி, மறைவு இன்ன தேதி, அதற்கும் கீழே நான்கு வரி கவிதை. அந்தக் கவிதையில் தவறாமல், நீ எங்கே போனாய், மறுபடி வரமாட்டாயா, வாசல் உனக்காகத் திறந்திருக்கிறது என்று எழுதியிருக்கும். முப்பது வருஷம் ஒரே வீட்டில் அடித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள்கூட, நீ மட்டும் போதும் திரும்பி வா என்றுதான் பிளக்ஸில் எழுதுவார்கள். செத்தவர்கள் யாரும் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் இதையெல்லாம் எழுதுகிறோம். உண்மையிலேயே ஒருவர் எழுந்துவந்து வாசலில் நின்றால் அவருக்குப் படுக்க இடம் இருக்கிறதா என்று யாரும் யோசித்ததில்லை.

அந்த வருஷம் சித்திரையில் நகரின் கடைசி ஆழ்குழாயும் எண்ணூறு அடியில் காற்றைக் கக்கியது. பேச்சியக்கா டீக்கடையில் பேச்சு வளர்ந்து, அட, இந்தக் கண்மாய்க்கு நாம் ஒரு நினைவஞ்சலிகூட வைக்கவில்லையே என்று யாரோ கேலியாகச் சொல்ல, நாலு பேர் சிரிக்க, சிரித்தவர்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருக்கும் காஜாவின் பிளக்ஸ் கடைக்குப் போனார்கள். தோற்றம், தெரியாது. மறைவு, மண் அடித்த தேதி. பதினான்காம் ஆண்டு நினைவஞ்சலி. எல்லாம் சரிதான், கண்மாய் செத்ததா, அல்லது மேலே மண் கிடக்கிறதே என்று சும்மா படுத்திருக்கிறதா என்று மட்டும் ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லை.

காஜாவின் கடையில் கவிதை எழுதுவது தவமணி. மூன்றாம் தெருவில் பச்சைக் கதவு வீடு, வயது நாற்பதுக்குள், எந்தச் சாவுக்கும் கால்மணி நேரத்தில் நான்கு வரி எழுதிவிடுவாள். அவள் எழுதிய வரிகளைப் படித்து முன்பின் தெரியாதவர்கள் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் கண்ணைத் துடைத்திருக்கிறார்கள், பஸ்ஸையும் விட்டிருக்கிறார்கள். அவள் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் எழுதியதில்லை. அது அவள் புருஷன் சோணமுத்து. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆழ்குழாய் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனவன், ஆறு மாதம் போன் பேசினான், இங்கே பாறையாக இருக்கிறது, இன்னும் தண்ணீர் வரவில்லை என்று கடைசியாகச் சொன்னான், பிறகு போனும் இல்லை, ஆளும் இல்லை, பிணமும் இல்லை. அவனுடைய அக்கா அங்கம்மாள் வருஷாவருஷம் வந்து, தம்பிக்கு ஒரு படத்தை மாட்டி மாலை போட்டுவிடுவோம், எனக்கும் மனசு ஆறட்டும் என்று கேட்பாள். தவமணி காபி கொடுத்து அனுப்பிவிடுவாள். ஊரில் எல்லாச் சாவையும் எழுதுகிறவள் இதை எழுதிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று அவளுக்குப் பயம். இருட்டுகிற நேரம் வாசல் மாடத்தில் ஒரு அகலை ஏற்றிவைப்பாள், அவ்வளவுதான்.

கண்மாய் பிளக்ஸுக்குப் போட்டோ கிடைக்கவில்லை. தண்ணீர் இருந்தபோது தண்ணீரை யார் போட்டோ எடுத்தார்கள்? ஊர் முழுக்கத் தேடிவிட்டுக் கைவிரித்தபோது தவமணிதான் தன் பர்ஸுக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கல்யாணமான வருஷம் எடுத்தது. கண்மாய்க் கரையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சோணமுத்து நிற்கிறான், பின்னால் தண்ணீர், ஓரத்தில் இடது காலைத் தூக்கிய ஒரு கொக்கு. ஆளை எடுத்துவிட்டுத் தண்ணீரை மட்டும் வைத்துக்கொள் என்றாள். காஜா, அக்கா வேண்டாமே என்று இழுத்தான், பிறகு ஆளையும் சைக்கிளையும் கம்ப்யூட்டரில் வெட்டி எடுத்தான். வெட்டிய இடம் வெள்ளையாக ஒரு மனிதனும் சைக்கிளுமாக நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே தவமணி எழுதினாள். கால்மணி நேரத்தில் எழுதுகிறவளுக்கு அன்று மத்தியானம் முழுக்க ஆயிற்று. காஜா அந்த வெள்ளையைப் பக்கத்துத் தண்ணீரையே காப்பி எடுத்து ஒட்டி அடைத்தான், அவசரத்தில் கொக்கும் சேர்ந்து காப்பியாகி, ஒரே கொக்கு மூன்று கொக்காகிவிட்டது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிளக்ஸை மாட்டினார்கள். வழக்கமான நான்கு வரி ஆறாகியிருந்தது. கவிதை இதுதான்:

உன்னை மூடிய மண்மேல் உலை வைத்தோம்.
நாவறண்டால் உன் பெயர்தான் நனைக்கிறது.
பாதை மாறியிருக்கும், வாசல் மாறியிருக்கும்,
வந்தால் தெரிய விளக்கொன்று வைத்திருக்கிறேன்.
தூரம் அதிகமில்லை, தயக்கம்தான் அதிகம்.
சொல், நான் வரட்டுமா, நீ வருகிறாயா?

மறுநாள் காலையில் கண்மாய் வந்து நின்றுவிட்டது.

வந்த விருந்தாளியோடு வாழப் பழகுவதற்கு எங்களுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதல் தெருவில் துணி துவைப்பது, இரண்டாம் தெருவில் குளிப்பது, மூன்றாம் தெருவில் குடிதண்ணீர், நான்காம் தெருவில் மாடு என்று குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானம் போட்டோம். ஆழ்குழாயில் நாற்பது அடிக்குத் தண்ணீர் ஏறியது. அயிரை மீன் குழம்பு வாசம் சங்கத்துத் தலைவர் வீடு வரைக்கும் போனது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகள் மேற்கு முனை வரைக்கும் போய்க் கண்மாயிடம் சொல்லிக்கொண்டுதான் போனார்கள். ஒரு காதுகுத்து வீட்டுக்காரர் முதல் பத்திரிகையைக் குலசாமிக்கும் இரண்டாவதைக் கண்மாய்க்கும் வைத்தார், மஞ்சள் தடவிய அந்தப் பத்திரிகை இரண்டு நாள் மிதந்துவிட்டு மூன்றாம் நாள் காணாமல் போனது. அந்த வீட்டில் விசேஷத்தன்று எடுக்க எடுக்க அண்டாவில் தண்ணீர் குறையவில்லை என்று பேசிக்கொண்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு நாரைகள் அடைய வரும்போது, டிவி ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர்கள்கூட எழுந்து தெருமுனைக்கு வந்துவிடுவார்கள். ஆயிரம் சிறகுகள் ஒரே நேரத்தில் மடிகிற சத்தம் ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் எங்களுக்கு யார்மீதும் கோபம் இருந்ததில்லை.

ஆனால் தண்ணீர் ஒரே இடத்தில் நிற்கவில்லை. இதை முதலில் கவனித்தது சங்கத் தலைவர் மலைச்சாமி சார். தபால் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் குறித்துவைக்கிற ஆள். தெருவோரத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவைத்துப் பார்த்ததில், சில நாள் தண்ணீர் ஒரு சாண் உள்ளே வந்தது, சில நாள் ஒரு சாண் வெளியே போனது. மழையோ வெயிலோ காரணமில்லை. பத்து நாள் பார்த்து அவர் கண்டுபிடித்தார்: பஸ் நிறுத்தத்தில் யாராவது அந்தப் பிளக்ஸை வாய்விட்டுப் படிக்கும்போதுதான் நகர்கிறது. ஐயோ பாவம், போய்விட்டதே என்கிற குரலில் அஞ்சலியாகப் படித்தால் தண்ணீர் பின்வாங்குகிறது. வா என்கிற குரலில் அழைப்பாகப் படித்தால் முன்னால் வருகிறது. எழுத்து ஒன்றுதான், வரி ஒன்றுதான், படிக்கிறவர் மனசுதான் வேறு.

இது தெரிந்த அன்றிலிருந்து நகர் இரண்டாகிவிட்டது. வீடு கட்டி இன்னும் பால் காய்ச்சாதவர்கள் காலையில் போய்த் தொண்டை கம்ம அஞ்சலி படித்தார்கள். தோட்டம் போட ஆசைப்பட்டவர்களும் மீன் பிடிக்கிறவர்களும் சாயங்காலம் போய்க் கையை நீட்டி அழைத்துப் படித்தார்கள். அந்தத் தண்ணீர் பாவம், ஊஞ்சல் மாதிரி போவதும் வருவதுமாக இருந்தது. இது அழுகிற கவிதை என்று ஒரு கட்சி, கூப்பிடுகிற கவிதை என்று ஒரு கட்சி, டீக்கடையில் கிளாஸ் உடைகிற அளவுக்குப் போனது. கண்மாயை நாம் கூப்பிடுகிறோமா, நம்மைக் கண்மாய் கூப்பிடுகிறதா என்று மூன்றாவதாக ஒருவர் கேட்டு இரண்டு கட்சியிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். மலைச்சாமி சார் பிளக்ஸைக் கழற்றி வைத்தார். பயனில்லை, அதற்குள் எங்கள் எல்லாருக்கும் மனப்பாடமாகியிருந்தது. நாலு நாளில் நான்காம் தெருவின் கடைசி வீட்டு வாசற்படியைத் தண்ணீர் தொட்டது. தொட்டதும் நின்றது, உள்ளே போகவில்லை, ஆனால் அந்த வீட்டுக்காரம்மா அன்று அடுப்புப் பற்றவைக்கவில்லை.

தவமணி மட்டும் கட்சி எதிலும் சேரவில்லை. அவள் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து மூன்றாம் தெரு முனையில் நின்று, தண்ணீரில் ஒரு குறிப்பிட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி மூன்று கொக்குகள் நிற்கும். மூன்றும் ஒரே நேரத்தில் இடது காலைத் தூக்கும், ஒரே நேரத்தில் குனியும், அவற்றைச் சுற்றி ஒரே அலை மூன்று தடவை அடிக்கும். கண்மாய் பிளக்ஸில் இருந்தபடியே வந்திருந்தது. அந்த இடத்தில் வலை போட்டால் மீன் விழுவதில்லை என்று வலைக்காரர்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். அந்த ஒட்டுப்போட்ட தண்ணீருக்குக் கீழே யார் நிற்கிறார்கள் என்று காஜாவுக்கும் தவமணிக்கும் மட்டுந்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சங்கம் கூடியது. எழுதியவளே சொல்லிவிடட்டும் என்று முடிவாயிற்று. மலைச்சாமி சார் ஒரு தாளில் எழுதியே கொண்டுவந்திருந்தார்: இது நினைவஞ்சலி, அழைப்பு அல்ல, குறிப்பிடப்பட்டவர் மறைந்துவிட்டார். இதை இன்று மாலை தவமணி தண்ணீருக்கு முன்னால் நின்று படித்தால் போதும், எல்லாரும் நிம்மதியாக இருக்கலாம் என்றார். அவர் கெட்டவரில்லை. நூற்றுப்பன்னிரண்டு வீடு, அத்தனையும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கட்டியது, அதில் தவமணியின் வீடும் ஒன்று. பதினோரு வருஷம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, பாதி நாள் சித்தாள் வேலையும் தானே பார்த்து, அவள் கட்டிய இரண்டு அறை. தவமணி தாளை வாங்கிக்கொண்டாள், படிக்கிறேன் என்றும் சொன்னாள். பேச்சியக்கா மட்டும், வந்தவங்களை வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பேசுகிற ஊர் இது ஒன்றுதான் என்று முணுமுணுத்தாள்.

அப்போதுதான் அங்கம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். யாரோ போனில் அனுப்பிய கவிதையை ஊரில் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை, கண்மாயையும் பார்க்கவில்லை, நேராகத் தவமணி முன்னால் வந்து நின்றாள்.

"கண்மாய்க்கு எதுக்குடி வெளக்கு?" என்றாள்.

தவமணி கையிலிருந்த தாளை இரண்டாக மடித்தாள்.

"ஏத்தா, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா எந்தம்பிக்கு வீடு மாறுனது தெரியாதுன்னு எனக்குத் தெரியும். வாசல் மாறியிருக்கும்னு நீ யாருக்குச் சொல்ற? ஒம்போது வருசம் ஆச்சு. இன்னைக்கு ஒரு தடவ சொல்லிரு. கண்மாய்க்குச் சொல்ற மாதிரி அவனுக்கும் சொல்லிரு. நானும் வயசாளி, எத்தன நாளைக்கு ரெண்டுங்கெட்டானா நிக்கிறது?"

தவமணியின் கையில் இருந்த தாளை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். மறைந்துவிட்டார் என்ற ஒரு சொல்தான் அதில் கனம். அதைச் சொன்னால் வீடு நிற்கும், கண்மாய் போகும், சோணமுத்துவும் போவான். சொல்லாவிட்டால் நூற்றுப்பன்னிரண்டு வீட்டுக்கும் யார் பொறுப்பு? அவ்வளவு நாள் கவிதையைப் பற்றிச் சண்டை போட்ட எங்களுக்கு, அதற்குள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருந்தது தெரியாமல் போனதற்கு வெட்கமாக இருந்தது.

மாலை ஐந்தரைக்கு மூன்றாம் தெரு முனையில் நகர் முழுக்க நின்றது. வெயில் சாய்ந்து தண்ணீர் தங்கத் தகடாகக் கிடந்தது. தவமணி செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்தில் போய் நின்று தாளைப் பிரித்தாள். இது நினைவஞ்சலி என்று படித்தாள். ஒரு சாண் இல்லை, ஒரு முழம் இல்லை, தண்ணீர் மொத்தமாகப் பத்தடி பின்னால் போனது, போன இடத்தில் ஈரமண்ணும் சேறும் சின்னச் சின்ன நத்தைகளும் கிடந்தன. அழைப்பு அல்ல என்று படித்தாள். பனைமர வரிசை மங்கியது, முன்னதாக அடைய வந்த நாரைகள் மரங்களிலிருந்து எழும்பிவிட்டன, அங்கே தூரத்தில் மூன்று கொக்குகளில் ஒன்று தண்ணீரில் கரைவது போல் கரைந்தது. ஒட்டுப்போட்ட அந்த இடம் சுருங்கிக்கொண்டிருந்தது. தவமணி அதைப் பார்த்தாள். குறிப்பிடப்பட்டவர் என்று படித்தாள், நின்றுவிட்டாள். மலைச்சாமி சார் மெதுவாக, இன்னும் ஒரே ஒரு சொல்தாம்மா என்றார்.

அவள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு தண்ணீரைப் பார்த்துப் பேசினாள். படித்த குரலில் இல்லை, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"நான் ஒன்னக் கூப்பிடல. பொய் சொல்லக் கூடாது. எம் புருசனத்தான் கூப்பிட்டேன். அவரு செத்தாரா இருக்காரான்னு எனக்குத் தெரியாது, தெரியாதத எழுத மாட்டேன். ஆனா கூப்பிட்டதக் கேட்டு வந்தது நீதான். ஒன்ன ஒருத்தரும் கூப்பிட்டதில்ல போல. வந்தவங்கள வாசல்ல நிக்க வச்சு அனுப்பி எனக்குப் பழக்கமில்ல. எல்லார் வீட்டையும் தர எனக்குப் பாத்தியதை இல்ல. எம் வீடு இருக்கு, பச்சைக் கதவு. வா."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கண்மாய் அவள் பின்னால் வந்தது. முழங்கால் உயரத் தண்ணீர் மூன்றாம் தெருவின் நடுவில் மட்டும் வந்தது, இரண்டு பக்கமும் ஒரு வாசற்கோலம்கூட அழியாமல், மேய்ச்சலிலிருந்து வீடு திரும்பும் மாடு மாதிரி நிதானமாக வந்தது. பேச்சியக்கா சேலையை வரிந்துகட்டிக்கொண்டு முன்னால் ஓடினாள். அவள் பின்னால் நாங்களும் ஓடி, கட்டில், கிரைண்டர், டிரங்குப் பெட்டி, ஆதார் அட்டை வைத்த டப்பா என்று கைமாற்றிக் கைமாற்றி வெளியே எடுத்து, வெளிப்படிக்கட்டு வழியாக மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்தோம். அங்கம்மாள் மாடத்திலிருந்த அகல்விளக்கை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மேலே போனாள். கடைசிப் பாத்திரம் வெளியே வந்ததும் தவமணி கதவை முழுக்கத் திறந்துவிட்டு, வாங்க என்று தலையை அசைத்து ஒதுங்கி நின்றாள்.

கண்மாய் உள்ளே போனது. ஒரு மணி நேரம் போய்க்கொண்டே இருந்தது. தண்ணீர் போனது, தண்ணீரோடு அல்லியும் தாமரையும் போயின, கெளுத்தியும் குரவையும் தெரு நடுவில் துள்ளிக்கொண்டு போயின, நாரைகள் சிறகைச் சுருக்கிக்கொண்டு நிலைப்படியில் குனிந்து வரிசையாக நடந்து போயின, பனைமரங்கள் எப்படிப் போயின என்று நாங்கள் இன்றைக்கும் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறோம். ஆயிரம் ஏக்கர் தண்ணீரும் அந்த இரண்டு அறைக்குள் போய், வாசற்படிக்குச் சரியாக வந்து, சிந்தாமல் நின்றது. நாங்கள் எட்டிப் பார்த்தோம். கதவுக்கு அந்தப் பக்கம் வானம் இருந்தது. தொலைதூரத்தில் கரை இருந்தது. அவ்வளவு பெரிய ஒன்று அவ்வளவு சின்ன வாசல் போதும் என்று ஒத்துக்கொண்டதைப் பார்த்து மலைச்சாமி சார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், எங்களில் கும்பிடாதவர்கள் யாரும் இல்லை.

இப்போது எங்களுக்கு அது பழகிவிட்டது. காலையில் பச்சைக் கதவுக்கு முன்னால் வரிசையில் நின்று குடத்தில் மொண்டுகொள்கிறோம். சங்கப் பதிவேட்டில் மூன்றாம் தெரு, கதவு எண் பதினான்கு, கண்மாய் என்று மலைச்சாமி சார் கையால் எழுதியிருக்கிறது. பிள்ளைகள் அந்த விலாசத்துக்குப் போடுகிற கடிதங்களைத் தபால்காரர் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகிறார். சாயங்காலம் நாரைகள் ஜன்னல் வழியாகப் பறந்துவந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஜன்னல் வழியாகவே அடைகின்றன. அந்தக் கதவை இதுவரை யாரும் சாத்தியதில்லை. தவமணி மொட்டைமாடியில் தகரம் போட்டு, அங்கேயே சமைத்து, அங்கேயே படுத்துக்கொள்கிறாள், அங்கம்மாள் அன்றைக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. வீடு போனதே என்று கேட்டால், வீடு எங்கே போனது, ஆள்தான் கூடியிருக்கிறது என்பாள் தவமணி.

காஜாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஆளை வெட்டியது தன் கை அல்லவா. வெட்டிய சோணமுத்துவையும் சைக்கிளையும் அவன் அழிக்காமல் கம்ப்யூட்டரில் தனியாக வைத்திருந்தான். ஆவணி மாதம் ஒரு நாள், யாரும் கேட்காமலே, காப்பி எடுத்த கொக்குகளை நீக்கிவிட்டு, ஆளை அவன் நின்ற இடத்திலேயே திரும்ப நிறுத்தி, முழுப் படத்தையும் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு தவமணியிடம் வந்தான்.

"அக்கா, கீழ என்ன போடட்டும்?" என்று கேட்டான்.

அவள் வெகுநேரம் படத்தைப் பார்த்தாள். கவிதை வேண்டாம் என்றாள். தோற்றம் என்று போட்டு அவன் பிறந்த தேதியைச் சொன்னாள். மறைவு என்ற இடத்தை அப்படியே வெறுமையாக விடச் சொன்னாள். அங்கம்மாள் பக்கத்தில்தான் இருந்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு காஜாவுக்குக் காபி போட எழுந்து போனாள். பிளக்ஸைப் பச்சைக் கதவுக்கு மேலே மாட்டினோம்.

மறுநாள் காலை குடத்தோடு போன பேச்சியக்காதான் முதலில் பார்த்தாள். தண்ணீரில் கொக்கு ஒன்றுதான் நின்றது. ஒட்டுப்போட்ட அலையைக் காணோம், அந்த இடத்தில் தண்ணீர் மற்ற தண்ணீரைப் போலவே இருந்தது. அதற்கு நேரே, தொலைவில், எதிர்க்கரைப் பனைகளுக்கு இடையில், முந்தின நாள் வரை இல்லாத ஒன்று கறுப்பாக நின்றது. மொட்டைப் பனை என்றார்கள் சிலர். மடையில் சாய்த்து வைத்த ஏணி என்றார்கள் சிலர். ஒரு ஆள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது என்று எல்லாருக்கும் தோன்றியது, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் தண்ணீர் எந்தப் பக்கம் நகருமோ என்ற பயம் எங்களுக்கு இன்னும் போகவில்லை.

சோணமுத்து அந்தக் காலத்தில் வேலை முடிந்து வரும்போது தெரு திரும்புகிற இடத்தில் சைக்கிள் மணியை இரண்டு தடவை அடிப்பான். அதைக் கேட்டுத்தான் தவமணி உலையில் அவனுக்கும் சேர்த்து அரிசி போடுவாள், சோறு ஆறிப்போனால் அவனுக்குப் பிடிக்காது. அவன் போன் நின்றபின் இரண்டு வருஷம் மணி கேட்காமலே போட்டுப் பார்த்தாள், பிறகு மிஞ்சிய சோற்றைப் பார்க்கப் பயந்து நிறுத்திவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நாரைகள் அடைந்து முடிந்து, நாங்கள் கடைசிக் குடத்தை மொண்டுகொண்டிருந்தபோது, வீட்டுக்குள்ளிருந்து, தண்ணீருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மணிச் சத்தம் இரண்டு தடவை கேட்டது. எங்கள் எல்லாருக்கும் கேட்டது. எதிர்க்கரையில் யாரோ மாடு பத்துகிறார்கள் என்றார் மலைச்சாமி சார், அவர் குரல் அவருக்கே கேட்காத மாதிரி. மாடியில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கம்மாள் அரிசிப் பானையை நகர்த்தி வைத்தாள். தவமணி உலையில் இன்னொரு பிடி அரிசி போட்டாள்.